செம்புக் குழாயில் பச்சைப் புள்ளி

கத்திரி தொடங்கி மூன்றாம் நாள் பிற்பகல், எங்கள் வீட்டு ஏசியிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. நேராக என் கணவர் கால்மாட்டில். பக்கவாதம் வந்து மூன்று வருடமாகப் படுத்திருப்பவர். இடது கால் உணர்வற்றது, சொட்டு விழுந்ததும் அதன் மேல்தான். போர்வை முழுக்க நனைந்து நான் பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. ஒரு பிளாஸ்டிக் பேசினை வைத்துவிட்டு, பெங்களூரில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டேன். "கேஸ் குறைஞ்சிருக்கும்மா" என்றான். எதிர்வீட்டு அண்ணன் எட்டிப் பார்த்து "கேஸ் கம்மியா இருக்கும் டீச்சர்" என்றார். பால்காரரும் அதையே சொன்னார். ஏசி மக்கர் செய்தால் களமருதூரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே நோய் அதுதான். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். முந்தைய இரண்டு கோடையிலும் ஒருவர் வந்து கேஸ் அடித்துவிட்டுப் பணம் வாங்கிப் போனார். பத்து மாதம் ஓடும். மறுபடி கத்திரி, மறுபடி கேஸ்.

இந்த முறை வந்தவன் என் பழைய மாணவன். அரையாண்டுத் தேர்வில் தமிழில் 36 வாங்கிவிட்டு "பாஸ் பண்ணிட்டேன் டீச்சர்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன். பிறகு ஐடிஐ படித்தான். இப்போது உளுந்தூர்பேட்டையைச் சுற்றி ஏசி, பிரிட்ஜ் எல்லாம் பார்க்கிறான். வந்ததும் பையைத் திறக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து கேள்வி கேட்டான். தண்ணீர் முதலில் வந்ததா, குளிர் முதலில் குறைந்ததா? ராத்திரி வோல்டேஜ் எப்படி? ஸ்டெபிலைசர் எத்தனை காட்டுகிறது? ரிமோட்டை யாராவது அமுக்கினார்களா? ஒரு வீட்டில் குழந்தை ரிமோட்டை ஃபேன் மோடுக்கு மாற்றிவிட்டிருக்கிறது. வீட்டுக்காரர் புது ஏசி வாங்கவே கிளம்பிவிட்டாராம். இன்னொரு வீட்டில் அவுட்டோர் யூனிட்டின் போர்டில் பல்லி ஒன்று கருகிக் கிடந்து மொத்தமும் நின்றுபோயிருந்ததாம். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே முன்மூடியைத் தூக்கி ஃபில்டரை உருவினான். வலைக்கண் ஒன்றுகூடத் தெரியவில்லை. தூசியும் உமியுமாகக் கம்பளிபோல் படிந்திருந்தது. எங்கள் ஊர்ப் பெயரிலேயே களம் இருக்கிறது. நவரை அறுப்பு சமயத்தில் ரோடே களம்தான். ஆனால் ஊர்மேல் பழி போட்டுத் தப்பிக்க முடியாத கனம் அந்தக் கம்பளிக்கு.

"இது பாதிதான் டீச்சர்" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனான். அவுட்டோர் யூனிட்டிலிருந்து வரும் மெல்லிய குழாயில் வெள்ளை வெளேரென்று பனி பிடித்திருந்தது. நாற்பது டிகிரி வெயிலில் பனி! எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, நன்றாகக் குளிர்கிறது போலிருக்கிறது என்று. அவன் தலையசைத்தான். கேஸ் குறைந்தால் இப்படித்தான் தப்பான இடத்தில் உறையுமாம். உள்ளே காயிலிலும் பனி பிடித்து, உருகி, வடிகுழாயில் பாசி அடைத்திருந்ததால் வழி தெரியாமல் கட்டில் பக்கம் வந்திருக்கிறது.

"பாத்தியா, கேஸ்தான் குறைஞ்சிருக்கு. எல்லாரும் சொன்னது சரிதானேப்பா?"

"குறைஞ்சிருக்கு டீச்சர். ஆனா அது தீர்ந்துபோற பொருள் இல்ல. அடுப்பு சிலிண்டர் மாதிரி எரியறதில்ல இது. மூடின வட்டத்துக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கும், இருபது வருஷமானாலும். குறைஞ்சிருந்தா வெளிய போயிருக்குன்னு அர்த்தம். போயிருந்தா எங்கியோ ஓட்டை இருக்கு. அத விட்டுட்டு அடிச்சா, அடுத்த வருஷமும் நான்தான் வரணும்."

பல வருடம் தமிழ் நடத்தியவளுக்கு இப்படி ஒரு வாக்கியம் கிடைத்தால் கை சும்மா இருக்காது. குறை என்ற சொல்லையே நினைத்துக்கொண்டு நின்றேன். தமிழில் குறை என்றால் போதாமை. குறை என்றால் பிழை. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவாக எழுதிக் கொண்டுபோவதும் குறை. மூன்றுக்கும் ஒரே சொல் இருப்பதால், பிழை என்றாலே எதுவோ போதவில்லை என்று நினைக்கப் பழகிவிட்டோம். போதாததை ஊற்றினால் சரியாகிவிடும் என்றும்.

பணி ஓய்வுக்குப் பிறகு, மாதம் ஒருமுறை கூடும் சைவ சித்தாந்த வகுப்பில் இரண்டு வருடம் படித்தேன். அங்கே எனக்குக் கடைசிவரை செரிக்காத பாடம் ஆணவ மலம், உயிரை மூடியிருக்கும் இருட்டு. இருட்டு என்பது வெளிச்சம் இல்லாமை, அவ்வளவுதான் என்பது நியாய வைசேடிகர்களின் கட்சி. தீமைக்கும் அதேபோல் ஒரு கட்சி உண்டு: ஹிப்போவில் ஆயராக இருந்த புனித அகுஸ்தினார், தீமை என்று தனியே ஒரு பொருள் கிடையாது, நன்மையின் இன்மையே அது என்றார். சித்தாந்தம் இதற்கு உடன்படாது. உயிரை மறைத்துக்கொண்டிருக்கும் ஆணவம் உள்பொருள், இல்பொருள் அல்ல. இல்லாத ஒன்று எப்படி மறைக்கும் என்று கேட்கும். நான் வகுப்பில் எழுந்து நின்று வாதாடியிருக்கிறேன். "ஐயா, ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட இருட்டு ஒரு பொருள் இல்லைன்னு சொல்லுமே" என்று. ஆசிரியர் கோபப்படவில்லை. திருவெண்ணெய்நல்லூருக்குப் போய்விட்டு வாருங்கள் அம்மா என்றார். எங்களுக்குப் பக்கத்து ஊர்தான். மெய்கண்டார் இருந்த ஊர். பன்னிரண்டே சூத்திரம், நாற்பதே வரி, அதற்குள் சித்தாந்தம் முழுவதையும் அடக்கிய சிவஞானபோதம் பதின்மூன்றாம் நூற்றாண்டில் பிறந்த இடம். பொல்லாப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன். சந்தேகம் அப்படியே இருந்தது.

ஏசியும் முதலில் என் கட்சிக்குத்தான் சாட்சி சொன்னது. "குளிருன்னு தனியா எதையும் இது உண்டாக்கறதில்ல டீச்சர், உள்ள இருக்குற சூட்டை எடுத்து வெளிய தள்ளுது" என்றான் பையன். ஒன்றரை டன் என்கிறார்களே, அந்த டன் இயந்திரத்தின் எடை அல்ல. ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு சூடு வேண்டுமோ, அவ்வளவு சூட்டை ஒரு நாளில் அகற்றும் திறன் ஒரு டன். அமெரிக்கக் கணக்கில் ஒரு டன் 907 கிலோ. குளிரை அளக்கக் குளிருக்கென்று ஓர் அளவு இல்லை பாருங்கள். எடுத்த சூட்டைத்தான் அளக்கிறார்கள். அப்படியானால் குளிர் வெறும் இன்மை. அகுஸ்தினார் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

பையன் இதற்குள் ஒரு டம்ளரில் சோப்புத் தண்ணீரை நுரைக்க நுரைக்கக் கலக்கி, குழாய் இணைப்புகளில் பிரஷ்ஷால் தடவினான். முதல் இணைப்பில் ஒன்றுமில்லை. இரண்டாவதில், ஃபிளேர் நட்டுக்குப் பக்கத்தில், மிளகளவு நுரைக்குமிழ் ஒன்று மெதுவாக உப்பியது. உடைந்தது. மறுபடி உப்பியது. துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துக் காட்டினான். செம்பில் பச்சையாக ஒரு புள்ளி.

களிம்பு.

எனக்கு ஒரு கணம் பேச்சு வரவில்லை. சித்தாந்தம் படிக்கிறவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் உவமை அது: நெல்லுக்கு உமி போல, செம்புக்குக் களிம்பு போல, உயிருக்கு ஆணவம். இரண்டையும் ஒரே பிற்பகலில், ஒரே இயந்திரத்தில், என் கண் முன்னால் எடுத்து வைத்துவிட்டான் 36 மார்க்காரன். அவனுக்கு அது தெரியாது. அவன் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்துல வெச்சது தப்பு டீச்சர். மூத்திர வாடையில இருக்கற அமோனியா செம்ப அரிச்சிரும்."

குளிர் இன்மைதான்; அதில் எனக்கு இப்போதும் ஐயமில்லை. கேஸ் குறைவும் இன்மைதான். ஆனால் நிரப்ப நிரப்பத் திரும்பி வரும் இன்மை வேறு சாதி. அதற்குப் பின்னால் ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது. இடம் உள்ளது, நிறம் உள்ளது, துடைத்தால் துணியில் ஒட்டுகிறது. வகுப்பில் ஐயா சொன்ன உள்பொருள் இதுவாக இருக்கலாம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. தத்துவம் தெரிந்தவர்கள் இதில் ஆயிரம் ஓட்டை காட்டுவார்கள். காட்டட்டும்.

என் கேஸ் கதையையும் சொல்லிவிடுகிறேன். அவர் விழுந்ததிலிருந்து நான் சுள்ளென்று விழுகிறவளாகிவிட்டேன். கஞ்சி ஊட்டும்போது வாயோரம் வழிந்தால் கோபம். ராத்திரி மூன்றாம் முறை கூப்பிட்டால் கோபம். அவர் குழறலாகச் சிரிப்பு மூட்டினாலும் கோபம். ஒரு நாள், "அப்பர் காளவாய்ல ஏழு நாள் இருந்தாரு, ஏசி கேக்கல. எனக்குத்தான் கேக்குது" என்றார். கெடிலக்கரை அதிகையில் சூலை நீங்கப்பெற்ற அந்தப் பெரியவர் இவருக்கு உயிர். அதற்கும் சிரிக்காமல் தலையணையை உருவினேன். பொறுமை குறைந்துவிட்டது என்று நானே சொல்லிக்கொண்டேன். குறைந்தால் நிரப்ப வேண்டியதுதானே? பௌர்ணமிக்குப் பௌர்ணமி என் தங்கையை வீட்டில் விட்டுவிட்டுத் திருவண்ணாமலைக்கு பஸ் ஏறினேன். பதினான்கு கிலோமீட்டர் வெறுங்காலில் நடப்பேன். திரும்பி வந்தால் மனம் நிறைந்திருக்கும்; கஞ்சி வழிந்தாலும் முந்தானையால் துடைப்பேன். இருபது நாள் ஓடும். பிறகு மறுபடி சுள். அண்ணாமலையாரிடம் போய் மாதாமாதம் கேஸ் அடித்துக்கொண்டு வந்திருக்கிறேன் என்று, சோப்பு நுரையைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் தெரிந்தது. மலைமேல் குறையில்லை.

பையன் பழுதான துண்டை வெட்டியெடுத்து, குழாய் முனையைப் புதிதாக விரித்துப் பொருத்தி, பம்ப் வைத்து உள்ளேயிருந்த காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி, எடைபோட்டுக் கேஸ் ஏற்றினான். போன இரண்டு முறையும் எடைபோட்டு யாரும் ஏற்றவில்லை. அவுட்டோர் யூனிட்டையும் கழற்றிச் சந்துப்பக்கச் சுவருக்கு மாற்றிவிட்டான். இப்போது அந்தச் சந்தில் எங்கள் வீட்டுச் சூடு அடிக்கிறது. வழக்கமாக அங்கே படுத்திருக்கும் எதிர்வீட்டு ஆடு இடம் மாறிக்கொண்டது. சூடு எங்கும் அழிந்துபோகவில்லை. வீடுபேற்றிலும் ஆணவம் அழியாது, அதன் சக்திதான் மடங்கிக் கிடக்கும் என்று சித்தாந்தம் சொல்வது ஞாபகம் வந்தது. ஆனால் அதற்கும் ஆட்டுக்கும் முடிச்சுப் போட எனக்குத் துணிவு வரவில்லை. ஆட்டுக்காரரிடம் வருத்தம் சொன்னேன்.

கடைசியாக ஃபில்டரைக் கிணற்றடியில் கழுவிக் கொண்டுவந்து மாட்டினான். அவருக்கு 18 வேண்டும். 18 வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று பிடிவாதம். "அது போய்ச் சேர வேண்டிய ஊரு சார், வண்டியோட வேகம் இல்ல" என்று சொல்லி 24 வைத்தான். அவர் அவனிடம் மட்டும் கேட்டுக்கொள்கிறார்.

"ஏம்ப்பா, கதவெல்லாம் சாத்தித்தான் வெக்கிறேன். இவ்ளோ அழுக்கு எங்கேயிருந்துதான் வருது?"

அவன் ஸ்டூல்மேல் நின்றபடியே விரலை நீட்டினான். என்னை நோக்கி.

நான் ஜன்னலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அந்த ஜன்னலை நான்கு விரற்கடை திறந்தே வைத்திருப்பேன், ஏசி ஓடும்போதும். கொல்லையில் இருந்தால் அவர் கூப்பிடுவது என் காதில் விழ வேண்டுமே. வேறு யார் காதில் விழுந்தும் பயனில்லை என்பது என் முடிவு. நர்சிங் உதவியாளர் படிப்பு படித்த பெண் ஒருத்தி எதிர்த்தெருவில் இருக்கிறாள். காலையில் இரண்டு மணி நேரம் வந்து குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்துவிட்டுப் போகிறேன் என்று அவளே கேட்டாள். மகன் பணம் தரத் தயார். நான்தான் ஒரு வருடமாக ஒப்பவில்லை. அவருக்கு என் கைதான் பழக்கம், மற்றவர்களுக்குப் பக்குவம் தெரியாது, நான் பார்த்துக்கொள்வது போல் வராது. நான், என், நான்.

மெய்கண்டாரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். சகலாகம பண்டிதர் என்று பெயரெடுத்த பெரியவர், மெய்கண்டார் குடும்பத்துக்கே குரு. தம் மாணவர்கள் எல்லோரும் ஒரு சிறு பிள்ளையிடம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுத் திருவெண்ணெய்நல்லூருக்கு வருகிறார். அந்தப் பிள்ளை அப்போது ஆணவ மலத்தைத்தான் விளக்கிக்கொண்டிருக்கிறது. நின்றபடியே கேட்கிறார், ஆணவத்தின் வடிவம் என்ன என்று. பிள்ளை வாய் திறக்கவில்லை. விரலை நீட்டி, நிற்கிற அவரையே காட்டியது. அவர் அப்படியே காலில் விழுந்தார். பிற்காலத்தில் அருணந்தி சிவாசாரியார் ஆனார், சிவஞான சித்தியார் எழுதினார். வகுப்பில் இந்தக் கதையைக் கேட்டபோது கர்வம் பிடித்த யாரோ ஒரு பண்டிதரைப் பற்றியது என்று குறிப்பெடுத்துக்கொண்டேன்.

"ஜன்னலச் சொன்னேன் டீச்சர்" என்றான் பையன், என் முகத்தைப் பார்த்துவிட்டு. "சாத்தி வெச்சா போதும். பதினஞ்சு நாளைக்கு ஒருவாட்டி ஃபில்டரக் கழுவுங்க."

எதிர்த்தெருப் பெண் அதற்கடுத்த திங்கட்கிழமை முதல் வருகிறாள். முதல் நாள் அவள் அவரைப் புரட்டியபோது நான் வாசற்படியில் நின்றேன். தலையணையை வைத்த கோணம் சரியில்லை. கழுத்துக்கு இன்னும் சற்றுக் கீழே இறக்க வேண்டும். இரண்டு முறை என் கை போனது. மூன்றாவது முறை போவதற்குள் ஃபில்டரை உருவிக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.