பெயர் எழுதாத கல்லறை

இறந்தோருக்குள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டோ என்னும் வினாவை எழுப்பாமல் விடுவதில்லை, ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ புதினம். சயாமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட தந்தையைத் தேடிப் புறப்படும் மகனின் துயரே அக்கதையின் உயிர்.

1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் இருப்புப்பாதையில் உழன்ற மலாயாத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர். காலராவும் பசியும் அவர்களை வாரிக்கொண்டன. காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் உள்ளன. பெரும்பாலானவற்றில் பெயரும் உண்டு. தோட்டத்துத் தாய் எந்த மண்ணைத் தொட்டு அழுவாள்?

கொடுமை இழைத்தவன் ஜப்பானியன்; ஐயமில்லை. ஆயினும் போருக்குப்பின் பெயரெழுதும் பொறுப்பு வென்றவன் கையில் அன்றோ இருந்தது? அவனுடைய அளவுகோலைப் பினாங்கு மக்கள் முன்னரே கண்டிருந்தனர். 1941 டிசம்பரில் ஜார்ஜ் டவுன் குண்டுவீச்சில் எரிந்தபின், ஐரோப்பியரை இரவோடு இரவாகத் தீவைவிட்டு அகற்றிய ஆட்சி, சீனர், மலாய்க்காரர், தமிழர் ஆகியோரைப் பகைவன் வரும்வரை இருக்கவிட்டது.

படைவீரனுக்குப் பெயர்ப்பட்டியல் இருந்தது, கூலிக்கு இல்லையே என்பார் உளர். இருந்தது. தோட்டத்துச் செக்ரோல் ஏட்டில், நாட்கூலி கணக்கிடுவதற்காக, அப்பெயரை நாள் தவறாமல் குறித்தே வந்தனர்.