வெயிலுக்கு விலகும் இலை

கெடிலக் கரையிலுள்ள திருவதிகையின் சுற்றுப்புறத்துச் செம்மண் நிலங்களில் மணிலாப் பயிரை நாம் பார்த்திருப்போம். ‘மல்லாட்டை’ என்று அப்பகுதி மக்கள் வழங்கும் அச்செடியின் ஒவ்வோர் இலையிலும் நான்கு சிற்றிலைகள். அந்தியில் அவை இணை இணையாகக் கூம்புகின்றன. கதிரவன் எழுந்ததும் விரிந்து ஒளியை ஏற்கின்றன. கூப்பிய கரங்களையும் ஏந்திய கைகளையும் அவற்றில் காண நமக்கு ஆசை பிறக்கிறது. செடி தொழுகிறது என்று சொல்லிவிட்டால், தொழாத மனிதரைச் சுட்டிப் பேசுவதும் எளிதாகிவிடும்.

ஆனால் தோற்றத்தைக் கொண்டு அகத்தை அறிந்துவிட முடியுமா?

இன்று வங்காள தேசத்திலுள்ள பரீத்பூரில் ஈச்சமரம் ஒன்று மாலைதோறும் தலை தாழ்த்தியது, காலையில் நிமிர்ந்தது. கோயில் மணியோசைக்கு மரம் பணிகிறது என்று மக்கள் வியந்தனர். 1917-இல் கல்கத்தாவில் தம் பெயரால் ஆய்வு நிலையம் நிறுவிய ஜகதீச சந்திர போஸ் அம்மரத்தை ஆராய்ந்தார். வெப்பம் ஏறும்போது அது தாழ்கிறது, தணியும்போது நிமிர்கிறது என்று கண்டார். பணிவாகத் தோன்றியது பணிவன்று.

மணிலா இலையின் அசைவுக்கும் காரணம் உண்டு. காம்பின் அடியிலும் சிற்றிலைகளின் அடியிலும் சிறு தடிப்புகள் உள்ளன. அங்குள்ள உயிரணுக்களில் பொட்டாசியம் இடம் மாற, நீரும் உடன் செல்கிறது. ஒருபுறம் பருத்து மறுபுறம் தளரும்போது இலை திரும்புகிறது.

மழை பொய்த்த காலத்தில் வேறொன்றைக் காண்கிறோம். வேரில் ஈரம் வற்றியதும், உச்சி வெயிலில் அதே இலைகள் மடிந்து நிமிர்ந்து, கதிருக்குத் தம் விளிம்பை மட்டுமே காட்டுகின்றன. காலையில் நாடிய ஒளியையே நண்பகலில் தவிர்க்கின்றன. இது நன்றியின்மையா? அன்று. எஞ்சிய நீரைக் காத்து உயிர் தரிக்கும் முயற்சி. நீர் கிடைத்தால் இலை மீண்டும் விரியும்.

மனிதர் இலை அல்லர்; அவர்க்குத் தேர்வும் பொறுப்பும் உண்டு. எனவே எல்லா விலகலும் குற்றமற்றது என்று நாம் சொல்லவில்லை. ஆயினும், பிள்ளையைப் பறிகொடுத்த தாய் வழிபாட்டுக்கு வாராதிருந்தால், ‘நம்பிக்கை இழந்தாள்’ என்று தீர்ப்பிட நமக்கு எத்தனை விரைவு! அவள் வேரின் ஈரத்தை நம்முள் யார் தொட்டுப் பார்த்தோம்?

திருவதிகை இதற்கொரு சான்று தருகிறது. இளமையில் பெற்றோரை இழந்த மருள்நீக்கியார், தமக்கை திலகவதியாரின் வழியை விட்டுச் சமணம் புகுந்து தருமசேனர் ஆனார் என்று பெரியபுராணம் கூறும். பின்னர்த் திருநாவுக்கரசர் எனப் போற்றப்பட்டவர் அவரே. எச்சமயம் மெய் என்பது இங்குக் கேள்வியன்று. தமக்கை என்ன செய்தார் என்பதே கேள்வி. பெற்றோரோடு, தமக்கு மணம் பேசப்பட்டவரையும் இழந்திருந்த அவர், திருவதிகையிலேயே தங்கித் திருப்பணி செய்து, தம்பிக்காக வேண்டிக் காத்திருந்தார். சூலை நோயோடு அவர் இரவில் வந்து அடியில் விழுந்தபோது, பழி கூறாமல் ஏற்றுக்கொண்டார்.

உழவர் வாடிய பயிரைக் கண்டிப்பதில்லை, மடை திறக்கிறார். நம் நடுவே முகம் திருப்பி நிற்பவரிடம் ஏன் என்று அதட்டும் முன், ஒரு குடம் நீரோடு செல்லப் பழகுவோமாக.