வாசலும் அரசும்

தருமபுரியிலிருந்து வத்தல்மலைக்குச் செல்லும் பாதை வளைந்து வளைந்து ஏறுவது. மிளகும் காப்பியும் விளையும் அம்மலையில் வாழ்வோரிற் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். மிளகு வணிகம் செய்யும் என் பழைய மாணவர் ஒருவர் என்னை ஒருமுறை அங்கே அழைத்துச் சென்றார். ஒரு முதியவரின் வீட்டை அடைந்ததும் மாணவர் முற்றத்திலேயே நின்றுவிட்டார். கதவு திறந்துதான் கிடந்தது. ஒருமுறை குரல் கொடுத்தார், மறுமொழி இல்லை. சற்றுப் பொறுத்து மீண்டும் அழைத்தார். "வாங்க பாய், உள்ள வாங்க" என்று உள்ளிருந்து ஓசை வந்த பின்னரே படியேறினார். "இங்கே இதுதான் வழக்கம், ஹஜ்ரத்" என்றார் என்னிடம்.

பிறர் இல்லத்தினுள் அனுமதி பெறாமலும் ஸலாம் கூறாமலும் நுழையலாகாது என்னும் சூரத்துந் நூரின் கட்டளையை முப்பதாண்டுகளாக மாணவர்க்குப் பாடம் சொல்லி வருபவன் நான். "திரும்பிச் செல்க" எனச் சொல்லப்பட்டால் திரும்பிவிட வேண்டும் என்பதும் அங்கேயே உள்ளது. அவ்வசனத்தைக் கேட்டறியாத ஒரு மலையூரில் அதன் நடைமுறையைக் கண்டு வியந்தேன். வியப்பினூடே ஓர் ஐயமும் எழுந்தது. வாசலில் நிற்பது வணிகராக இல்லாமல் அரசாக இருந்தால்? உள்ளே இருப்பவன் உண்மையிலேயே குற்றவாளியாக இருந்தால்? அப்போதும் அரசு முற்றத்தில் நிற்கத்தான் வேண்டுமா?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சியை அன்பர்கள் அறிந்திருக்கலாம். மதீனாவில் இரவுக் காவலாக உலாவந்த கலீபா உமர் (ரலி) அவர்கள் ஒரு வீட்டில் ஐயத்திற்குரிய ஓசை கேட்டு, சுவரேறி உள்ளே இறங்கினார்கள். அங்கே ஒருவன் மதுவுடன் இருந்தான். கையும் களவுமாகப் பிடிபட்ட அவன், நான் செய்த பிழை ஒன்று, நீங்கள் செய்தவை மூன்று என்றான். துருவி ஆராயாதீர் என்பது இறைக்கட்டளை; தாங்கள் துருவினீர்கள். வீடுகளுக்கு வாயில்வழி வருக என்பது கட்டளை, தாங்கள் சுவரேறினீர்கள். அனுமதி கேட்டு ஸலாம் கூறி நுழைக என்பது கட்டளை. தாங்கள் இரண்டையும் விட்டீர்கள். கலீபா அவனைத் தண்டியாது, திருந்துவதாக வாக்குப் பெற்று வெளியேறினார்கள்.

இதை உமர் (ரலி) அவர்களின் பணிவுக்கு உதாரணமாகக் கூறி நிறுத்திவிடுவது மேடைப் பேச்சாளர் வழக்கம். எனக்கு அதில் நிறைவில்லை. மது இருந்தது, குடித்தவன் இருந்தான், கண்ணாற் கண்ட சாட்சியாக ஆட்சித் தலைவரே நின்றார். இருந்தும் வழி பிழைத்தமையால், கண்டதைக் கொண்டு தண்டிக்கும் உரிமை தமக்கில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். பணிவினும் பெரியது இது. அதிகாரத்தின் எல்லை பற்றிய ஒரு தீர்ப்பு.

நிற்க. நம் நாட்டுச் சட்டமும் அரசைச் சுவரேற விடுவதில்லை. கைது செய்யப்பட்டவருக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும், இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்தப்பட வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 22ஆம் உறுப்பு. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், வாரண்டின்றிச் சோதனையிட நேர்ந்தால் அதன் காரணத்தை முன்னதாக எழுதிவைக்கச் சொன்னது. பெண்ணின் உடலைப் பெண்ணே, கண்ணியம் குன்றாமல் சோதிக்க வேண்டும் என்றது. சோதனைக்கு அவ்வட்டாரத்தின் நடுநிலையான, மதிப்புள்ள இருவரேனும் உடனிருக்க வேண்டும் என்றது. 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் பதினொரு நெறிகளை வகுத்தது. கைதுக் குறிப்பில் சாட்சி கையொப்பமிடுவதும் உறவினருக்குத் தெரிவிப்பதும் அவற்றுட் சில. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் சோதனையை ஒலி ஒளிப் பதிவாகவும் எடுக்கச் சொல்கிறது.

இங்கே ஒரு சொல்லாராய்ச்சி. காவல்நிலையத்தில் நாள்தோறும் புழங்கும் சொற்களிற் பல அரபு மூலத்தவை. கைது என்பது 'கைத்', அதாவது விலங்கு. ஜாமீன் என்பது பொறுப்பேற்பவன். சோதனையின்போது எழுதப்படும் மகஜர் என்பதோ 'மஹ்ளர்'. முன்னிலையில் இருத்தல் என்னும் வேரிற் பிறந்தது. எழுதிய தாளுக்கு அப்பெயர் வந்தது, பிறர் முன்னிலையில் எழுதப்பட்டமையால்தான். முன்னிலையில் எவருமில்லாத மகஜர் வெறுந்தாள்.

வத்தல்மலையாரின் இனத்தவரே வாழும் சித்தேரி மலையடிவாரத்தில், அரூருக்கு அருகே, வாச்சாத்தி என்னும் சிற்றூர் இருக்கிறது. 1992 ஜூன் 20ஆம் நாள் கடத்தல் சந்தனக்கட்டையைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் பெருந்திரளாக அவ்வூரைச் சூழ்ந்தனர். ஊரார் ஆலமரத்தடியில் திரட்டப்பட்டு அடிக்கப்பட்டனர், வீடுகள் சூறையாடப்பட்டன. பதினெட்டுப் பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டனர். பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறைக்கு அனுப்பப்பட்டனர்.

சட்டம் கேட்கும் வட்டாரச் சாட்சிகள் இருவர் அன்று எங்கிருந்து வந்திருக்க முடியும்? ஊர் முழுவதுமே குற்றவாளி எனக் கொள்ளப்பட்டபின், சாட்சியாக நிற்கத்தக்கவர் அத்தனை பேரும் ஆலமரத்தடியில் உட்கார்த்தப்பட்டுவிட்டார்கள். அந்த விதியைப் புறக்கணிப்பது எளிதாக இருந்தது மட்டுமன்று. விதி நிற்பதற்கே இடமில்லாமற் செய்யப்பட்டது.

மரம் கடத்தப்பட்டது பொய்யா என்று கேட்பாருளர். பொய்யென்று நான் சொல்லவில்லை. ஐந்தாம் ஹிஜ்ரி நூற்றாண்டின் பேரறிஞர் மாவர்தி (ரஹ்) அவர்கள் இக்கேள்வியை முன்னரே எண்ணிப் பார்த்துள்ளார்கள். மறைவானதைத் துருவலாகாது என்ற பொதுவிதியைக் கூறிவிட்டு, ஒருவனைக் கொல்லத் தனியே இட்டுச்செல்கிறார்கள் என்று நம்பத்தக்கவர் சொன்னால் விரைந்து சென்று துருவலாம் என விதிவிலக்குத் தருகிறார்கள். காரணம், போன உயிர் மீளாது. அந்தத் துலாக்கோலில் சந்தனக்கட்டையை வைத்துப் பாருங்கள். கட்டையை இன்றில்லாவிடினும் நாளை மீட்கலாம். அன்று ஏரிக்கரையில் போனதை எவர் மீட்பார்?

நம் சட்டத்தில் எனக்கு உறுத்தும் இடம் ஒன்றுண்டு. விதிகளை நிரம்பச் சொல்லும் அது, விதி மீறிக் கைப்பற்றிய பொருளைச் சாட்சியமாக ஏற்பதைத் தடுக்கவில்லை. 1973இல் வருமானவரிச் சோதனை பற்றிய பூரன் மல் வழக்கில் உச்சநீதிமன்றம் அவ்வாறே முடிவுசெய்தது. போதைப்பொருள் சட்டத்தில் உடற்சோதனைக்கு முன் சொல்லவேண்டிய உரிமையைச் சொல்லாவிடில் அவ்வாறு கைப்பற்றியது தண்டனைக்கு உதவாது என்று 1999இல் பல்தேவ் சிங் வழக்கில் வந்த தீர்ப்பு ஒரு விலக்கு. அமெரிக்க உச்சநீதிமன்றமோ 1961இல் மேப் வழக்கில், வழிபிழைத்துப் பெற்றதை எந்த மாநில நீதிமன்றமும் தொடலாகாது என்றது. காவலர் தவறினால் கள்வன் தப்புவதா என்று அந்நாட்டிலேயே வினவியவர் உண்டு. வலுவான வினாத்தான். ஆயினும் உமர் (ரலி) அவர்களும் ஒருவனைத் தப்பவிட்டார்கள்; அதனால் மதீனா குடிகாரர் நகரமாகிவிடவில்லை.

விதியை மீறியவருக்கு இழப்பில்லை என்றால், பாதிக்கப்பட்டவர் பின்னர் வழக்காடித்தான் ஆறுதல் பெறவேண்டும். வாச்சாத்தியார் எத்தனை காலம் வழக்காடினர்! 1995இல் உயர்நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறையை விசாரிக்கப் பணித்தது. குற்றஞ்சாட்டப்பட்டோர் 269 பேர். 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புக் கூறும்போது 54 பேர் இறந்துவிட்டிருந்தனர். எஞ்சிய 215 பேரும் தண்டிக்கப்பட்டனர். சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023இல் அதே நாளில், உயர்நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் பத்து இலட்சம் ரூபாய் வழங்கப் பணித்தது. அதற்கு முன் நீதியரசர் தாமே அவ்வூருக்குச் சென்று பார்வையிட்டார். 1992இல் இல்லாத முன்னிலை 2023இல் வந்தது எனலாம்.

வத்தல்மலை முதியவரிடம் இவற்றுட் சிலவற்றைச் சொன்னேன். வாச்சாத்தி அவருக்குத் தெரிந்திருந்தது, சட்டம்தான் புதிது. "அந்தத் தாளக் காட்டுன்னு நான் கேட்டா காட்டுவாங்களா, பாய்?" என்றார். காட்டத்தான் வேண்டும், வாரண்டைப் பார்க்கும் உரிமை உங்களுக்குண்டு என்றேன். "பார்த்தா எனக்குப் படிக்கத் தெரியாதே" என்று சிரித்தார்.

மாணவர் தம் கணக்கேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, யார் வந்தாலும் கேட்கவேண்டியவை என்று நான்கைந்து வரிகளைப் பெரிய எழுத்தில் எழுதினார். எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி அதை வாங்கி, உரக்க இருமுறை படித்துக் காட்டிவிட்டு, கதவின் உட்புறத்தில் சோற்றுப்பருக்கையால் ஒட்டினாள்.