பிள்ளைகளும் சேமிப்பும்

அன்பார்ந்த பெற்றோர்களே,

வேதபோதக ஞாயிறன்று பூசை முடிந்தபின் ஒரு தாய் என்னிடம் வந்தார். அவருடைய எட்டு வயது மகன், காணிக்கை போடுவதற்கென்று கொடுத்த பத்து ரூபாய் நாணயத்தை, தட்டு வந்ததும் கைக்குள் மூடிக்கொண்டானாம். காரணம் கேட்டதற்கு, "இதைப் போட்டுவிட்டால் இன்றைக்கு ஒரு கட்டம் குறைந்துபோகுமே, அம்மா" என்றானாம்.

தை மாதத்தையொட்டி நம் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கும் புத்தகக் காட்சிக்காக அவன் பணம் சேர்த்து வருகிறான். சுவரில் ஒரு தாள் ஒட்டி, ஐம்பது கட்டங்கள் வரைந்து கொடுத்திருக்கிறார் தாய். உண்டியலில் பத்து ரூபாய் விழுந்தால் ஒரு கட்டத்துக்கு வர்ணம் பூசலாம். "சுவாமி, நான் அவனுக்குச் சிக்கனத்தைக் கற்பித்தேனா, உலோபித்தனத்தைக் கற்பித்தேனா? அந்தத் தாளைக் கிழித்துவிடட்டுமா?" என்று கேட்டார். உடனே மறுமொழி சொல்ல எனக்கு இயலவில்லை. சிந்தித்தபின் இதை எழுதுகிறேன்.

முதலாவது, கண்ணால் கண்டு சேமிப்பது நல்ல பழக்கமே. மண் உண்டியல் தன் வயிற்றிலுள்ளதைக் காட்டாது. குலுக்கினால் ஓசைதான் கேட்கும். "சிறு துளி பெருவெள்ளம்" என்று நாம் சொன்னால், சிறுபிள்ளைக்குத் துளி தெரியும், வெள்ளம் தெரியாது. 1880-ம் ஆண்டு இங்கிலாந்தில் தபால் இலாகாவின் தலைவராயிருந்த ஹென்றி ஃபாசெட், ஏழைப் பிள்ளைகளும் சேமிக்கும்படி ஒரு வழி கண்டார். பன்னிரண்டு கட்டங்கள் அச்சிட்ட ஒரு தாள். கட்டத்துக்கு ஒரு பென்னி தபால்தலை. தாள் நிறைந்தால் ஒரு ஷில்லிங். அதைத் தபால் நிலையத்தில் கணக்கில் வைக்கலாம். இவ்வாறு பிள்ளைகளின் கண்ணுக்குச் சேமிப்பைக் காட்டிய அந்த மனிதர், வாலிபத்திலேயே துப்பாக்கி விபத்தில் இரு கண்களையும் இழந்தவர்!

நம் நாட்டிலும் பள்ளிகளில் 'சஞ்சாயிகா' என்னும் சேமிப்பு வங்கி இருந்ததை உங்களில் பலர் அறிவீர்கள். மாணவரே கணக்கு எழுதி, தங்கள் புத்தகத்தில் தொகை ஏறுவதைத் தாங்களே பார்த்தார்கள். இன்றோ தகப்பனார் கடையில் கைப்பேசியைக் காட்டுகிறார், பொருள் வருகிறது. பணம் போனதைப் பிள்ளை காண்பதேயில்லை. ஆகையால் இக்காலத்துக்கு அந்தத் தாள் முன்னைவிட அவசியம்.

அப்படியானால் குற்றம் எங்கே? அர்ச். அக்குயினாஸ் தோமையார் இதை நன்றாய் விளக்குகிறார். நாம் அடைய விரும்பும் முடிவை அளவின்றி விரும்பலாம். அதற்கு உதவும் கருவியை மட்டும் அளவோடுதான் விரும்ப வேண்டும். வைத்தியர் ஆரோக்கியத்துக்கு எல்லை வைப்பதில்லை. மருந்துக்கு எல்லை வைக்கிறார். பணம் மருந்தைப் போன்றது. அதையே முடிவாகக் கொள்பவனுக்கு எல்லை ஏது?

சுவிசேஷத்தில் வரும் செல்வந்தன் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்தான். எகிப்தில் சூசையும் களஞ்சியங்களை நிரப்பினார். அளக்க முடியாத அளவுக்குத் தானியம் சேர்த்தார். ஒருவனைச் சேசுநாதர் மதியீனனாகக் காட்டுகிறார். மற்றவரை வேதாகமம் விவேகி என்கிறது. சேர்த்த அளவினால் வந்த வேறுபாடல்ல இது. சூசைக்குத் தம் களஞ்சியம் யாருக்காக, எந்நாளில் திறக்கப்படும் என்று தெரியும். செல்வந்தனுக்குத் தன்னைத் தவிர வேறு யாரும் நினைவில் இல்லை.

ஆகவே அந்தத் தாய்க்கு நான் சொல்வது: தாளைக் கிழிக்க வேண்டாம். கடைசிக் கட்டத்துக்கு அப்பால் அவன் வாங்க விரும்பும் புத்தகத்தின் படத்தை வரையச் சொல்லுங்கள். ஐம்பதாவது கட்டம் நிறைந்த அன்று உண்டியலை உடைத்துவிடுங்கள். 'இன்னும் ஐம்பது சேர்க்கலாமே' என்று ஆசை காட்டாதீர்கள். உடையாத உண்டியல் பிள்ளைக்கு எண்ணுவதை மட்டுமே கற்பிக்கும்.

அப்படியானால் காணிக்கைக்கும் தர்மத்துக்கும் ஒரு தனி வரிசை வரைந்து வர்ணம் பூசலாமா என்று சிலர் கேட்கலாம். வேண்டாம். வலது கை கொடுப்பதை இடது கை அறியலாகாது என்றார் நம் ஆண்டவர். சேமிப்பதற்குக் கட்டம் இருக்கட்டும். கொடுப்பதற்குக் கட்டம் வேண்டாம். ஒரு நாள் ஒரு கட்டம் வெறுமையாயிருந்தால், அது ஏன் வெறுமை என்று சர்வேசுரனுக்கும் அவனுக்கும் தெரிந்தால் போதும். அதற்காகப் பிள்ளையைக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம். பிடுங்கிக் கொடுத்தது தர்மமாகாது.

இன்னும் ஒன்று. மாதக் கடைசியில் பால் வாங்கவோ கியாஸ் வாங்கவோ பிள்ளையின் உண்டியலில் கை வைக்கும் வீடுகள் நம் பங்கில் உண்டு. கஷ்டம் எனக்குத் தெரியும், குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளையிடம் சொல்லிக் கேட்டு எடுங்கள். சொன்ன நாளில் திருப்பி வையுங்கள். அந்த நாணயங்கள் அவனுடையவை. கேளாமல் எடுத்தால், அவன் அத்தனை நாள் கற்ற பொறுமை ஒரே இரவில் வீணாகும். நீதி என்ற புண்ணியத்தை அவன் வேறு எங்கே கற்பான்?

கடைசியாக, காணிக்கைத் தட்டு வரும்பொழுது பிள்ளை பீடத்தைப் பார்ப்பதில்லை. தகப்பனுடைய கையைத்தான் பார்க்கிறான். அந்தக் கை மூடியிருந்தால், சுவரிலுள்ள தாளைக் குறை சொல்லிப் பயனில்லை.

சேசுவில் உங்கள் அன்புள்ள,
பங்குக் குரு