அக்கரை விலை

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதை, ஊர் போய்வந்த நம்மவர்கள் கண்டிருப்பார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரியாது. இதில் குறை காண்பதற்கில்லை. பேசுகிற இருவரும் சந்தையை அறிந்தவர்கள்.

ஒருவர் மட்டும் அறிந்திருந்தால்? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் பஸரா வணிகர் ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஸூஸிலிருந்த அவருடைய ஆள், கரும்பில் நோய் விழுந்துவிட்டது, சர்க்கரையை வாங்கிப் போடுங்கள் என்று கடிதம் எழுதினான். வாங்கினார், லாபம் 30,000. இரவெல்லாம் யோசனை. விடிந்ததும் விற்றவரிடம் விஷயத்தைச் சொல்லிப் பணத்தை நீட்டினார். அவரோ, ஹலாலாக்கிவிட்டேன் என்று திருப்பியனுப்பினார். வெட்கப்பட்டுச் சொல்லியிருப்பாரோ என்று மறுநாளும் போய்க் கொடுத்தே திரும்பினார்!

நம் பண்டார் பாருவில் கிரியான் ஆற்றைக் கடந்தால் பாரிட் புந்தார். கம்பத்து மூதாட்டி டுரியான் கொண்டுவருகிறாள். அக்கரை விலை நம் கைபேசியில் இருக்கிறது. அவள் கேட்கவில்லையே என்போம். சர்க்கரை விற்றவரும் கேட்கவில்லை. செய்தி அறிவதும் ஒரு முதல்தானே என்பார்கள் சிலர்; நியாயந்தான், அதற்கும் சேர்த்தே லாபம் வைக்கலாம். அக்கரையில் இன்ன விலை, வண்டிக்கூலியும் லாபமும் போக இவ்வளவு தருகிறோம் என்று சொல்லிவிட்டால், இங்கே போடுவதா ஆற்றைக் கடப்பதா என்று அவளே பார்த்துக்கொள்வாள்.