கையும் கருணையும்

ஊதியம் பெற்றுச் செய்யும் பணிவிடை கருணையாகுமா என்று வேதாந்திகள் விவாதிக்கட்டும். ஹார்வர்டில் இறையியல் போதித்த கத்தோலிக்க குருவாகிய ஹென்றி நூவன், 1986-இல் டொரண்டோவுக்கு அருகிலுள்ள டேபிரேக் என்னும், அறிவுத்திறன் குறைபாடுடையோரும் அவர்களுடைய துணைவர்களும் சேர்ந்து வாழும் லார்ஷ் சமூகத்தில் சேர்ந்தபோது, பேச இயலாதவரும் வலிப்பு நோயுடையவருமான ஓர் இளைஞரைக் காலையில் எழுப்பி, நீராட்டி, சவரம் செய்து, உண்பிக்கும் கிரமத்தையே முதலில் பயில வேண்டியிருந்தது. (வித்துவான்களுக்கு அது எளிதில் கைவருவதில்லை.) கை பழகிய பின்னரே மனம் சிநேகம் கொண்டது என்பது என் அபிப்பிராயம்.

ஆயினும், அன்பு மிகுந்த இடத்தில் மேற்பார்வை எதற்கு என்று அலட்சியம் செய்வதற்கில்லை. ஏனெனில் 1964-இல் பிரான்சில் அந்த லார்ஷ் இயக்கத்தைத் தோற்றுவித்து மகானென்று போற்றப்பட்ட ழான் வானியே, ஆன்மிக வழிகாட்டுதல் என்ற பெயரால் பெண்கள் சிலரிடம் முறைகேடாக நடந்தாரென்பதை, அவர் மறைந்த மறு ஆண்டிலேயே, அவ்வியக்கமே விசாரணை நடத்துவித்து வெளியிட்டது.