யாத்திரைச் சுமை

சிவமயம்



உயிரானது பிறவியிற் புகும்பொழுது தானாக யாதொன்றையுங் கட்டிக்கொண்டு வருவதில்லை. அதன் வினைக்கு ஈடாகச் சிவபெருமான் தநு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கினையுங் கூட்டி அனுப்புகின்றார் என்பது நம் சித்தாந்தம். தநு என்பது உடம்பு. கரணம் என்பது மனம் முதலிய கருவிகள். புவனம் என்பது வாழும் இடம். போகம் என்பது நுகரும் பொருள். இந்நான்கும் உயிரின் நெடும்பயணத்துக்கு இறைவன் கட்டித்தந்த கட்டுச்சோறு போல்வன. அக்கட்டிலே வேண்டுவது குறைந்ததுமில்லை, வேண்டாதது மிகுந்ததுமில்லை. மிகையாயுள்ளன யாவும் நாம் இங்கு வந்தபின் "எனது" என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டனவேயாம்.

இவ்வுண்மையை அறிதற்கு நூலொன்றே வாயிலன்று. பிள்ளைகளை உடனழைத்துக்கொண்டு ஒருநாள் தலயாத்திரை செய்து பார்ப்பவரும் இதனை எளிதில் அறிவர். ஆதலின், பிள்ளைகளோடு யாத்திரை செய்வோர் எவற்றை உடன்கொள்ளல் தகும், எவற்றை வீட்டிலே விடுதல் தகும் என்பதை இங்கு ஆராயப் புகுகின்றோம். இது மிகச் சிறிய விடயமாயிற்றே, சமயப் பத்திரிகையில் இதற்கு இடமென்னை எனின், பெரிய விடயங்களைப் பிள்ளைகள் சிறிய விடயங்களின் வாயிலாகவே கற்கின்றார்களாதலின் என்க.

நயினாதீவு நாகபூஷணி அம்மையின் சந்நிதியை நம்மவருள் அறியாதார் இலர். மகப்பேறு வேண்டி அம்மையை வழிபடுதலும், பேறு கிடைத்தபின் பிள்ளையைக் கையிலேந்திச் சென்று நேர்த்தி தீர்த்தலும் நெடுங்கால வழக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து செல்வோர் பண்ணைத் தாம்போதியைக் கடந்து, வேலணை புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறையை அடைவர். அங்கிருந்து நயினாதீவுக்கு மோட்டார் வள்ளம் அரைமணிக்குங் குறைந்த பொழுதிற் சேரும். நெடுந்தீவுக்கோ ஏறக்குறைய ஒருமணிநேரம் கடலிற் செல்லல் வேண்டும். ஆனித் திங்களில் அம்மைக்கு மகோற்சவம் நிகழுங் காலத்தில் இறங்குதுறையிற் கால்வைக்க இடமிராது. நாகவிகாரையை வழிபடத் தென்னிலங்கையிலிருந்து வருவோரும் அவ்விறங்குதுறையிலேதான் வள்ளம் ஏறுவர்.

அங்கே ஒரு குடும்பத்தார் வள்ளம் ஏறுவதைச் சற்றே நின்று நோக்குமின். வள்ளம் அலையால் ஏறியும் இறங்கியும் அசைகின்றது. துறைக்கும் வள்ளத்துக்கும் இடையே ஒருமுழ நீர் விரிந்தும் ஒடுங்கியும் கிடக்கின்றது. தந்தையாரின் வலக்கையிற் பயணப்பெட்டி; இடக்கையிற் சாப்பாட்டுக் கூடை. தாயாரின் தோளிரண்டிலும் பைகள், இடுப்பிற் கைக்குழந்தை. ஐந்து வயதுப் பிள்ளையோ அவ்விடைவெளியைக் கீழே நோக்கியவண்ணம் தனியே நிற்கின்றது. அப்பிள்ளையைப் பிடித்தற்கு அவ்விருவரிடத்தும் ஒரு கைதானும் எஞ்சவில்லை. முன்பின் அறியாத வள்ளக்காரர் ஒருவர் குனிந்து தூக்கி உள்ளே விடுகின்றார். அவர் தூக்கினமையால் அன்று ஒன்றும் நிகழ்ந்திலது. ஆயினும், அப்பெட்டிகளை யாருக்காகச் சுமந்தார்கள் என்று வினவின் "பிள்ளைக்காக" என்பதே விடையாம். பிள்ளைக்காகச் சுமந்த சுமை பிள்ளையைப் பிடிக்கவேண்டிய கையைப் பறித்துக்கொண்டது. நாம் சொல்லக் கருதியது இவ்வொன்றே: யாத்திரையில் ஒரு கை வெறுங்கையாயிருத்தல் வேண்டும்.

இதனைச் சமய வரலாற்றிலும் காண்போம். திருஞானசம்பந்த மூர்த்தி நாயனார் மூன்றாம் ஆண்டிலே ஞானப்பால் உண்டருளியபின் தலங்கள்தோறுஞ் செல்லத் தொடங்கினார். பச்சிளம் பாலகராகிய அவரைத் தந்தையாராகிய சிவபாதவிருதயர் தமது தோளின்மேல் எழுந்தருளச்செய்து நடந்தார் என்று பெரியபுராணங் கூறும். அத்தோளிலே ஒரு மூட்டை முன்னரே இருந்திருக்குமாயின் பிள்ளையார் எங்ஙனம் அமர்ந்திருப்பார்? திருக்கோலக்காவிலே, கையால் ஒத்தறுத்துப் பாடிய குழந்தைக்கு இறைவர் பொற்றாளம் அருளினார். பின்னர்த் தந்தையார் தோளிலும் ஏறாது நடந்து திருவடி நொந்த காலத்தில், திருநெல்வாயில் அரத்துறைப் பெருமான் முத்துச்சிவிகை அருளினார். அவ்வவ்விடத்து வேண்டியது அவ்வவ்விடத்து வந்தது. தந்தையார் கொண்டுசென்றது தமது தோள் ஒன்றே.

அப்பர் சுவாமிகளோ தலந்தோறும் உழவாரம் ஏந்தியே சென்றார். அதுவும் தமக்கு உதவுங் கருவியன்று. திருக்கோயில் வீதியிற் புல்லைச் செதுக்கும் தொண்டுக் கருவி. தாம் கொண்டுசெல்லும் பொருளால் பிறர்க்குப் பயன் விளையவேண்டும் என்பதை அப்பெரியார் இவ்வாறு காட்டினார்.

நம் நயினையின் தலவரலாறும் இதனையே போதிக்கின்றது. அயலிலுள்ள புளியந்தீவினின்றும் நாகம் ஒன்று அம்மையின் பூசைக்கு மலரை வாயிற் கவ்விக்கொண்டு கடலை நீந்தி வந்ததென்றும், இடைவழியிற் கருடன் அதனை மறித்ததென்றும், நாகம் ஒரு பாறையைச் சுற்றிக்கொள்ளக் கருடன் மற்றொரு பாறையில் இருந்ததென்றும், கடல்வழி வந்த வணிகன் ஒருவன் இரண்டினையும் சமாதானஞ் செய்தானென்றும் முன்னோர் கூறுவர். பாம்பு சுற்றிய கல் என்றும் கருடன் கல் என்றும் இரு கற்களை இன்றும் பிள்ளைகளுக்குக் காட்டுவர். நாகம் கொண்டுவந்தது யாது? ஒரு மலர். அதற்குமேல் ஒன்று கவ்வியிருப்பின் அது நீந்தியிராது.

"இவையெல்லாம் அடியார்க்கும் துறவிகட்கும் பொருந்தும். பால்குடி மாறாத பிள்ளையோடு செல்லும் எமக்குப் பொருந்துமோ?" என்று தாய்மார் வினவுதல் கூடும். நியாயமான வினாவேயாம். இயேசுநாதர் தம் சீடரை ஊர்தோறும் அனுப்பியபோது பையும் இரண்டாம் உடையும் வேண்டாவென்று பணித்தமையை நாம் மிஷன் பாடசாலையிற் பயின்ற காலத்துக் கேட்டோம். அச்சீடர் அவ்வழியிலே குழந்தைகளைச் சுமந்து சென்றாரல்லர் என்பதையும் நினைத்தல் வேண்டும். பிள்ளையை வருத்திப் பெற்றோர் எளிமை பூணுதல் எளிமையன்று, கொடுமையாம். பிள்ளைக்குரிய மருந்தையும், குடிநீரையும், கைக்குழந்தையின் மாற்றுத் துணிகளையும் விட்டுச் செல்க என்று நாம் சொல்லேம்.

ஆயின், நாம் கட்டும் மூட்டையிலே மூவகைப் பொருள்கள் உள்ளன என்பதைப் பகுத்தறிதல் வேண்டும். தேவை கட்டியது ஒன்று. அச்சம் கட்டியது ஒன்று. பெருமை கட்டியது ஒன்று. குடிநீரும் மருந்தும் தேவை கட்டியவை. "ஒருவேளை மழை வந்தால், ஒருவேளை பசித்தால், ஒருவேளை அழுதால்" என்று ஒவ்வொரு ஒருவேளைக்கும் ஒவ்வொரு பொருளாகச் சேர்ப்பது அச்சம் கட்டியது. தேர்த்திருவிழாவுக்கு ஒரு பட்டு, திரும்பும்போது வேறொரு பட்டு, புகைப்படத்துக்கு மற்றொன்று என்பது பெருமை கட்டியது. தேவையின் சுமை பெரும்பாலும் ஓர் ஓலைப்பெட்டிக்குள் அடங்கும். ஏனையிரண்டுமே வள்ளத்தைத் தாழ்த்துகின்றன.

ஒருநாளும் ஓர் இரவும் தீவிலே தங்குவார்க்கு வேண்டுவன யாவை? பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்றுடை, விரிப்பாகவும் போர்வையாகவும் துவாயாகவும் உதவும் பழைய வேட்டி ஒன்று, குடிநீர்ப் போத்தல், மருந்துப்பொட்டலம், விபூதிப்பை. பசிக்குப் புழுக்கொடியலும் பனங்கட்டியும் போதும். அவை கெடா, சிந்தா, கடற்காற்றுக்கு அஞ்சா. நயினாதீவிலே அம்மை சந்நிதியை அடுத்து அமுதசுரபி என்னும் பெயருடைய அன்னதான மண்டபத்தில் அடியார்க்குச் சோறிடுகின்றார்கள். மணிமேகலை அமுதசுரபி பெற்ற மணிபல்லவம் இத்தீவே என்பார் பலர். அப்பெயர் அக்கதையால் வந்தது. நம் பிள்ளைகள் யாரோ ஒருவர் பிள்ளையின் பக்கத்தே ஒரே பந்தியிலிருந்து ஒரே சோற்றை உண்பதைக் காட்டிலும் மேலான பாடத்தை நாம் பாடசாலையிற் கற்பிக்கமாட்டோம். வீட்டிலிருந்து நாலடுக்குச் சாப்பாடு சுமந்துசெல்வோர் அப்பாடத்தை இழப்பர்.

இன்னுமொன்று கருதத்தக்கது. தீவிலே ஆறில்லை. நிலம் சுண்ணக்கல், மாரிமழை கீழிறங்கி உவர்நீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படையாய் நிற்கும். கிணற்றில் மிகுதியாக இறைத்தால் கீழுள்ள உவர் மேலேறிவிடும். ஆதலின் விருந்தாளி ஒருவர் தலையில் வார்க்கும் ஒவ்வொரு வாளி நீரும் அத்தீவார் வீட்டுக் குடத்தினின்றும் வார்ப்பதேயாம். நாம் விட்டுவரும் பிளாஸ்ரிக் போத்தலும் பொலித்தீன் பையும் மட்கிப்போவனவல்ல. கடலிற் சேரும், அன்றி அவர் வளவிற் கிடக்கும். கொண்டுசென்றது குறைவாயின் விட்டுவருவதும் குறைவாகும். குறைவாக நீர் வார்க்கவும், குப்பையைத் திரும்பக் கொண்டுவரவும் பிள்ளைக்குப் பழக்குதல் தீவார்க்குச் செய்யும் மரியாதை. அம்மைக்குச் செய்யும் பூசையுமாம்.

இனி, மிகுதியாகக் கட்டுவோரை இகழ்ந்து பேசுவாருக்கும் ஒரு வார்த்தை. நம் வீடுகளிற் பாட்டிமாரே பெரும்பாலும் மூட்டையைப் பெருப்பிப்பவர்கள். அவர்களைப் பார்த்து நகையாடுதல் தகாது. 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவகத்து மக்கள் பல்லாயிரவர் வீடுவாசலை விட்டு வெளியேறினார்கள். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் தேதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்காகத் தென்மராட்சிக்கு இரவோடிரவாக நடந்தார்கள். பிள்ளையைத் தூக்குவதா, பெட்டியைத் தூக்குவதா என்னும் வினா அன்றிரவு அவர்கள்முன் வந்தது. அவர்கள் பெட்டியை வழியோரத்தில் வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கினார்கள். அங்ஙனம் இழந்தவர்கள் இன்று ஒரு பொருளை மிகையாக வைத்தால் அது பேராசையன்று, பழைய நடுக்கம். பறிக்கப்பட்டு வறியராதல் துறவாகாது. தாமே மனமுவந்து விடுவதே துறவின் தொடக்கமாம். ஆதலின் பாட்டியாரின் மூட்டையை அவர் காணாதபடி அவிழ்க்கவேண்டா. அவர் அருகிலிருந்து, "பாட்டி, இது நாளை இல்லாவிட்டாலும் நாங்கள் உங்களோடு இருப்போம்" என்று பிள்ளைகள் சொல்லக் கேட்பின் அவரே ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவைப்பார்.

போர் 2009ஆம் ஆண்டில் முடிந்தபின், கனடாவிலும் இலண்டனிலும் பிறந்த பேரப்பிள்ளைகளைத் தீவுகளுக்கு அழைத்துவருவோர் பலர். அவர்கள் கொணரும் பெட்டிகளில் விளையாட்டுப் பொருள்கள் நிறைந்திருக்கக் காண்கின்றோம். நெடுந்தீவிலே பவளக்கற்களை அடுக்கிய வேலிச்சுவர்களும், பெருக்கமரமும், வெளியிற் றிரியும் மட்டக்குதிரைகளும் உள்ளனவே. அவற்றைக் காணும் பிள்ளை கையிற் கருவியொன்றை நோக்கி இருக்கவேண்டுவதென்னை? தம் பாட்டனார் இறைத்த கிணற்றை எட்டிப் பார்க்கும் பிள்ளைக்கு அதனினும் பெரிய விளையாட்டுப் பொருள் எந்தப் பெட்டியிலும் இல்லை.

செயலில் இறங்க விரும்பும் பெற்றோர்க்கு எளிய முறையொன்று சொல்வோம். புறப்படுதற்கு முதனாள் மாலை, கொண்டுசெல்லக் கருதிய எல்லாவற்றையும் பாயிலே பரப்புக. பிள்ளைகளை அழைத்து, "இது தேவை வைத்ததா, அச்சம் வைத்ததா, பெருமை வைத்ததா?" என்று ஒவ்வொன்றாக வினவுக. பிள்ளைகள் நம்மினும் நேர்மையாக விடைகூறுவர். எஞ்சியவற்றைக் கட்டி, அவரவர் பொதியை அவரவர் தோளிலிட்டு, பிள்ளையும் தன் சிறுபொதியைச் சுமக்க, ஊர்க்கோயில் வீதியை ஒருமுறை வலம்வருக. பெற்றோர்க்கு ஒரு கை வெறுங்கையாயிருந்து, பிள்ளை அழாது நடந்து முடித்தால் அதுவே தக்க சுமை. அன்றேல் மீண்டும் பாயிலே அவிழ்க்க. தன் பொதியைத் தானே சுமந்த பிள்ளை மறுமுறை தானாகவே குறைத்துக் கட்டும். அதற்கு உபதேசம் வேண்டுவதில்லை.

மெய்யன்பர்களே! ஊழிப்பெருவெள்ளத்திலே சிவபெருமான் பிரணவமே தோணியாக, அறுபத்துநான்கு கலைகளே ஆடையாக உமையம்மையோடு எழுந்தருளினார் என்று சீகாழித் தலபுராணங் கூறும். தோணிபுரம் என்னும் பெயர் அதனால் வந்தது. உலகமெல்லாம் அழிந்த காலத்தும் காக்கத்தக்கதாக அப்பெருமான் தோணியிற் கொண்டது அறிவு ஒன்றே. நம் பிள்ளைகளும் ஒருநாள் நம்மைத் துறையில் விட்டு, நாம் உடன்செல்லவியலாத கடல்களைக் கடப்பர். அன்று அவர்கள் கையில் நாம் கொடுக்கக்கூடியவை எவை? பசித்தாரோடு பகிர்ந்துண்ணும் பழக்கமும், குறைவிலே நிறைவுகாணும் மனமும், திருவைந்தெழுத்துமேயாம். இவற்றுக்கு நிறையில்லை, எந்த வள்ளத்தையும் இவை தாழ்த்தமாட்டா. இவற்றை அவர்க்கு இளமையிலேயே கட்டிக்கொடுக்க விரும்புவோர், அடுத்த ஆனித்திருவிழாவுக்குக் குறிகட்டுவானிலே வள்ளம் ஏறும்போது ஒரு கையை வெறிதாக வைத்து, அக்கையாற் பிள்ளையின் கையைப் பற்றிக்கொள்வாராக.

திருச்சிற்றம்பலம்.